வீட்டுக் காவலுக்கு முதல் துப்பாக்கி: எதைப் பார்த்து வாங்குவது?

கடைக்குக் கிளம்பும் முன்பே இரண்டு விஷயங்களை முடிவு செய்துவிடுங்கள். துப்பாக்கி வீட்டில் எங்கே, எந்தப் பூட்டுக்குள் இருக்கும்? ஆபத்து நேரத்தில் யார் யார் அதை எடுப்பார்கள்? இரண்டுக்கும் தெளிவான பதில் இருந்தால் பிஸ்டலா ஷாட்கன்னா, எந்தத் தோட்டா என்ற கேள்விகளில் பாதி தானாக அடங்கிவிடும். பதில் இல்லாமல் போனால், கடையில் எது அதிகம் தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் உங்கள் வீட்டுக்கு வரும்.

அதற்கும் முன்னால் சட்டம். வீட்டுப் பாதுகாப்பு என்ற காரணத்துக்கு உரிமமே தராத நாடுகள் உண்டு. உரிமம் தரும் இடங்களிலும் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூட்டில்) எத்தனை தோட்டா, குழல் எவ்வளவு நீளம், எப்படிப்பட்ட பெட்டியில் வைக்க வேண்டும் என்பது வரை விதி இருக்கலாம். வாங்குவதற்கான விதி வேறு, வைத்திருப்பதற்கான விதி வேறு, சுடுவதற்கான விதி வேறு. பலர் முதலாவதை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வழக்கு வருவது மூன்றாவதில்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வீட்டில் யாராவது கடும் மனச்சோர்வில் இருந்தால், தற்கொலை எண்ணம் தலைகாட்டியிருந்தால், குடிப்பழக்கமோ கைநீட்டும் சண்டையோ இருந்தால், துப்பாக்கியை இப்போது உள்ளே கொண்டுவரக் கூடாது. வெளியிலிருந்து வரக்கூடிய ஆபத்தைவிட உள்ளே இருக்கும் ஆபத்து பெரிது. அந்த வீட்டுக்கு நல்ல கதவும், வெளி விளக்கும், அலாரமும் போதும். உண்மையில் எல்லா வீட்டுக்கும் முதல் செலவு அதுவாகத்தான் இருக்க வேண்டும். மரச்சட்டம் போட்ட கதவில் பூட்டு நாக்கு விழுகிற தகட்டைப் பெரும்பாலும் முக்கால் அங்குல ஸ்க்ரூவில்தான் பிடித்திருப்பார்கள். ஓங்கி ஓர் உதை விட்டால் பெயர்ந்து வந்துவிடும். அதை எடுத்துவிட்டு, சட்டத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் கட்டை வரை போகிற 3 அங்குல ஸ்க்ரூ போடுங்கள். துப்பாக்கியை எடுக்கத் தேவைப்படும் நேரத்தை அந்த ஸ்க்ரூதான் வாங்கித் தரும்.

பூட்டுப் பெட்டி முதலில்

அலமாரிக்கு மேலே, மெத்தைக்கு அடியில், துணிகளுக்கு நடுவே என்று மறைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. குழந்தைகள் எல்லா மறைவிடத்தையும் கண்டுபிடிப்பார்கள், திருடனும் அங்கேதான் முதலில் கை வைப்பான். தேவை, சட்டென்று திறக்கிற, ஆனால் நீங்கள் மட்டும் திறக்கக்கூடிய பெட்டி.

கைரேகைப் பெட்டி விளம்பரத்தில் நன்றாக இருக்கும். ஈரக் கை, வியர்வை, விரலில் சிறு வெட்டு, சமையலுக்குப் பிறகு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது அடம்பிடிக்கும். கைரேகையோடு எண் பொத்தானும் இருக்கிற மாடலை எடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரமே வேண்டாத, நான்கைந்து பொத்தான்களை வரிசைப்படி அழுத்தினால் திறக்கும் இயந்திரப் பூட்டு. எங்கள் தேர்வு இரண்டாவதுதான். பேட்டரி தீர்ந்துவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை. பேட்டரிப் பெட்டிதான் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை தேதி வைத்து மாற்றுங்கள், எச்சரிக்கை விளக்கு எரியும் வரை காத்திருக்காதீர்கள். எந்தப் பெட்டியானாலும் தரையிலோ மரச்சட்டத்திலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சும்மா வைத்த பெட்டியைத் திருடன் அப்படியே தூக்கிக்கொண்டு போய் நிதானமாக உடைப்பான்.

ட்ரிக்கர் பூட்டு பற்றி ஓர் எச்சரிக்கை. ட்ரிக்கர் வளையத்துக்குள் கம்பி நுழைத்து இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும் அந்தப் பூட்டைத் தோட்டா ஏற்றிய துப்பாக்கியில் ஒருபோதும் போடக் கூடாது. பூட்டும்போதோ கழற்றும்போதோ அந்தக் கம்பியே ட்ரிக்கரை அழுத்திவிடலாம். தோட்டா இல்லாமல் நெடுநாள் வைக்கும் துப்பாக்கிக்குத் தோட்டா அறை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) வழியாகக் கோத்துப் பூட்டும் கேபிள் பூட்டு நல்லது. கேபிள் குறுக்கே இருக்கும்வரை உள்ளே தோட்டா ஏறாது என்பதைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டி வந்ததும், துப்பாக்கி வாங்கும் முன்பே, விளக்கை அணைத்துவிட்டுத் திறந்து பழகுங்கள். தூக்கக் கலக்கத்தில் திறக்க முடியாத பெட்டி என்றால் இடத்தையோ பூட்டையோ மாற்ற இப்போதே நேரம் இருக்கிறது.

யாருடைய கைக்கு?

வீட்டில் துப்பாக்கியை எடுக்கக்கூடியவர்களில் யாருக்குக் கைவலு மிகக் குறைவோ, அவரை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். கணவருக்குப் பொருந்துகிற கனமான பிஸ்டலில் மனைவிக்கு ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை) இழுக்கவே வராது என்றால், அவர் தனியாக இருக்கும் இரவில் அந்த வீட்டில் துப்பாக்கி இல்லை என்றுதான் பொருள். இருவருமே கடைக்குப் போக வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியது இது. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று விற்பனையாளர் திறந்து காட்டியபின் நீங்களும் திறந்து பாருங்கள். பிறகு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சவ்வுப் பகுதி பிடியின் உச்சியில் நன்றாக அழுந்தும்படி பிடியுங்கள். மேலிருந்து பார்த்தால் குழலும் முன்கை எலும்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அந்தப் பிடியை மாற்றாமலே ஆள்காட்டி விரலின் நுனிச் சதை ட்ரிக்கரின் நடுவில் உட்கார்ந்தால் அளவு சரி. நுனி மட்டும் எட்டித் தொடுகிறது, அல்லது எட்டுவதற்காக முழுத் துப்பாக்கியையும் கையில் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால் பிடி பெரிது. குண்டு ஒரு பக்கமாக விலகும், உதைப்பு கட்டைவிரல் மூட்டில் போய் இறங்கும். பிடியின் பின்தகடு மாற்றக்கூடிய மாடல்களில் சிறியதைப் போட்டுப் பாருங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

அடுத்தது ஸ்லைடு. கையை நீட்டி விரல் நுனியால் கிள்ளி இழுத்தால் யாருக்கும் கஷ்டம்தான். துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவந்து, முனை பாதுகாப்பான பக்கம் இருக்க, இடக்கை உள்ளங்கை முழுவதும் ஸ்லைடின் பின்புறத்தைக் கவ்வட்டும். இடக்கையால் பின்னே இழுக்கிற அதே நேரம் வலக்கையால் பிடியை முன்னே தள்ளுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே வந்துவிடும். வராதவர்களுக்கு இழுப்பைக் குறைத்துச் செய்த மாடல்கள் இருக்கின்றன. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஸி வரிசை இதற்கென்றே வந்தது. மூட்டுவலிக்காரர்கள் ரிவால்வருக்குத் தாவும் முன் அதை ஒருமுறை பார்ப்பது நல்லது.

எந்தக் கண் ஆதிக்கக் கண் என்பதையும் அன்றே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு முக்கோண இடைவெளி விட்டு, இரு கண்ணும் திறந்தபடி தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால் எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் நடுவில் நிற்கிறதோ அதுதான். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கம் என்றால் பிஸ்டலில் தலையைச் சற்றுத் திருப்பினால் போதும். தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கியில் அது பெரிய தொந்தரவு.

பிஸ்டல்

பெரும்பாலான வீடுகளுக்கு எங்கள் பரிந்துரை 9 மி.மீ. அரைத் தானியங்கி (ஒவ்வொரு ட்ரிக்கர் அழுத்தலுக்கும் ஒரு குண்டு சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) பிஸ்டல், நடுத்தர அல்லது முழு அளவு. ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் கதவைத் திறக்கலாம், குழந்தையைத் தூக்கலாம், போன் பேசலாம். சிறு பெட்டிக்குள் அடங்கும். கிளாக் 19 இந்த அளவுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு: காலி மேகசினோடு சுமார் 670 கிராம், 15 தோட்டா. சிக் சாவர், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், சிஇசட், வால்தர் எல்லோருமே இதே அளவில் நம்பகமான மாடல்கள் வைத்திருக்கிறார்கள். இவற்றுக்குள் எது சிறந்தது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கைக்குப் பொருந்துவதை எடுங்கள்.

முதல்முறை வாங்குபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம், சட்டைப்பைக்குள் போகிற குட்டிப் பிஸ்டல். பார்க்க அச்சமூட்டாது, லேசாக இருக்கிறது, அதனால் எளிது என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. எடை குறையக் குறைய உதைப்பு கையில் அதிகம் ஏறும், குறிபார்க்கும் முன், பின் முனைகளுக்கு இடையிலான தூரம் குறையும், சுண்டு விரலுக்குப் பிடிக்க இடமிருக்காது. உடம்பில் மறைத்துக்கொண்டு போவதற்காகச் செய்த பொருள் அது. பெட்டியில் இருக்கப்போகும் துப்பாக்கிக்கு எடை குறை அல்ல, உதவி.

.45, .40, .357 என்று (அங்குலத்தில் சொல்லும் குண்டு அளவுகள்) பெரிதாகப் போக வேண்டுமா? வேண்டாம். 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தோட்டாக்களுக்கு ஒரு சோதனை முறை வகுத்தது: ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமல், 18 அங்குலத்தைத் தாண்டாமல் இறங்க வேண்டும், துணி, மரப்பலகை, கண்ணாடி போன்ற தடைகளைக் கடந்த பிறகும். அதே நிறுவனம் இடையில் 10 மி.மீ., .40 என்று போய்விட்டு, 2010-களின் நடுவில் 9 மி.மீ.-க்குத் திரும்பியது. தோட்டாத் தொழில்நுட்பம் முன்னேறியதில் வித்தியாசம் சுருங்கிவிட்டது. உதைப்பு குறைவு, வேகமாகக் குறிக்குத் திரும்பலாம், தோட்டா மலிவு, அதனால் பயிற்சி அதிகம். .22 பயிற்சிக்கு அருமை. காவலுக்குக் கடைசி வழியாக மட்டும். விளிம்பில் மருந்து வைத்த தோட்டாவில் வெடிக்காமல் போகிறவை மற்றவற்றைவிட அதிகம்.

தனியாகக் கை வைத்து நீக்க வேண்டிய சேஃப்டி இருக்கிற மாடலா, இல்லாததா? இரண்டும் சரிதான். இருக்கிறதை வாங்கினால் ஒவ்வொரு பயிற்சியிலும் அதைத் தள்ளிப் பழக வேண்டும். ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) எப்போதும் நீக்கியே வைத்துவிட்டு வீட்டில் மட்டும் போட்டு வைப்பவர்தான் அவசரத்தில் ட்ரிக்கரை அழுத்திக்கொண்டே நிற்பார்.

ரிவால்வர்

சிலிண்டரைத் திறந்தால் எத்தனை தோட்டா இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், வெடிக்கவில்லை என்றால் இன்னொரு முறை ட்ரிக்கரை அழுத்தினால் அடுத்தது வரும். ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தாலும் கவலையில்லை. ஆனால் எளிதானது என்ற பெயர் இயக்கத்துக்கு மட்டுமே பொருந்தும், குறிக்கு அல்ல. ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தியலை) முதலில் பின்னிழுக்காமல் சுடும்போது ட்ரிக்கர் இழுப்பு 4.5 முதல் 5.5 கிலோ வரை போகும். பிஸ்டலில் அது ஏறத்தாழ 2.5 கிலோதான். அந்த நீண்ட இழுப்பின்போது முனை அசையாமல் இருக்க விரலுக்கு வலு வேண்டும். ஐந்தே தோட்டா கொள்ளும், 400 கிராம் சொச்சம் எடையுள்ள குட்டி ரிவால்வரைக் கடைக்காரர்கள் பெண்களுக்கு என்று சொல்லி நீட்டுவது பழைய வழக்கம். அனுபவசாலிகளுக்கே கையை அறையும் துப்பாக்கி அது.

ரிவால்வர்தான் என்று முடிவானால் எஃகு உடல், 4 அங்குலக் குழல், .357 மேக்னம் அறை. அதில் .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுச் சுடுங்கள். .357 ரிவால்வரில் .38 தாராளமாகச் செல்லும்; .38-க்கு என்று செய்ததில் .357 போகாது, போகவும் கூடாது. காலிக் கூடுகளை வெளியே தள்ளும்போது முனையை வானம் பார்க்க நிமிர்த்துங்கள். கிடைமட்டமாக வைத்துத் தள்ளினால் எரியாத மருந்துத் துகள் கூடுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு சிலிண்டர் முழுதாக மூடாது, சுழலும்போது சிக்கும். ரிவால்வரில் சிக்கல் வந்தால் இரண்டு நொடியில் சரிசெய்ய வழியில்லை என்பதை விளம்பரம் சொல்லாது.

ஷாட்கன்

அறைக்குள் இதற்கு நிகரான வலிமை வேறெதற்கும் இல்லை. 12 கேஜ் (குழல் அகலத்தின் அளவு; எண் சிறிதானால் அகலம் பெரிது), 2¾ அங்குலத் தோட்டா, 00 பக்‌ஷாட் (பெரிய குண்டுகள் நிறைந்த தோட்டா) என்றால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8.4 மி.மீ. விட்டமுள்ள எட்டு அல்லது ஒன்பது குண்டுகள் ஒரே வெடிப்பில். ஆனால் குறியே பார்க்க வேண்டாம், அந்தப் பக்கம் காட்டினால் போதும் என்பது சுத்தப் பொய். 5 மீட்டர் தூரத்தில் குண்டுகள் விரிவது உள்ளங்கை அகலம்தான். பம்ப் (குழலுக்கு அடியில் பின்னே இழுத்து முன்னே தள்ளித் தோட்டா ஏற்றும் பிடி) இழுக்கிற சத்தம் கேட்டே திருடன் ஓடிவிடுவான் என்பதும் அப்படித்தான். ஓடலாம், ஓடாமலும் போகலாம். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது மட்டும் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிடும்.

பம்ப் ஷாட்கன்னில் புதியவர் செய்கிற பிழை, பாதி இழுத்துப் பாதி தள்ளுவது. பதற்றத்தில் கை முழுதாகப் பின்னே போகாது. காலிக் கூடு வெளியே வராது, அல்லது அடுத்த தோட்டா ஏறாது. பின்னே இழுப்பது எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாக முன்னே தள்ள வேண்டும், அதுவும் கடைசி வரை. தயங்கித் தயங்கி இழுத்தால் பம்ப்பும் தகராறு செய்யும்.

ரெமிங்டன் 870 1950-லிருந்து இருக்கிறது, சேஃப்டி ட்ரிக்கருக்குப் பின்னால் குறுக்குப் பொத்தான். மாஸ்பெர்க் 500-இல் சேஃப்டி மேலே, கட்டைவிரல் படுகிற இடத்தில், இடக்கைக்காரர்களுக்கு வசதி. ஆனால் மாஸ்பெர்க்கில் பிஸ்டல் பிடி வைத்த கட்டை (தோளில் பதியும் பின்பகுதி) போட்டால் அந்தக் கட்டைவிரல் வசதி போய்விடும். கட்டையே இல்லாமல் வெறும் பிடியோடு வருகிற குட்டை ஷாட்கன் சினிமாவுக்கு நன்றாக இருக்கும், வீட்டுக்கு வேண்டாம்.

கட்டையின் நீளத்தைக் கட்டாயம் பாருங்கள். முழங்கையை 90 பாகை மடித்து, கட்டையின் முனையை மடிப்பில் வைத்தால், விரல் நுனிச் சதை ட்ரிக்கரில் படிய வேண்டும். ஆலையிலிருந்து வருவது பெரும்பாலும் 14 அங்குலம் சுமார். குள்ளமானவர்களுக்கு 12½ முதல் 13 அங்குலம்தான் சரி. நீளமான கட்டையைத் தோளில் சரியாக வைக்க முடியாமல் கைமேல் வைத்துச் சுடுபவர்களுக்குத்தான் நீலம் பாரித்த தோளும், ஷாட்கன் வெறுப்பும் வருகின்றன. உதைப்பு அதிகமாகத் தெரிந்தால் 20 கேஜ் எடுக்கலாம், அல்லது 12-க்கே உதைப்பு குறைத்த பக்‌ஷாட் தோட்டா கிடைக்கிறது.

20 கேஜும் 12 கேஜும் ஒரே வீட்டில் இருக்கவே கூடாது என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. 20 கேஜ் தோட்டா தவறிப்போய் 12 கேஜ் துப்பாக்கியில் விழுந்தால், தோட்டா அறையில் நிற்காமல் குழலுக்குள் வழுக்கிப்போய்ப் பாதி வழியில் சிக்கும். ட்ரிக்கரை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. வெறும் அறை என்று நினைத்து 12 கேஜ் ஒன்றைப் பின்னால் போட்டுச் சுட்டால் குழல் பிளந்து கை போகும். 20 கேஜ் கூடுகளை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதைத் தடுக்கத்தான்.

கார்பைன், ரைஃபிள்

சட்டம் அனுமதிக்கிற இடங்களில் ஏஆர்-15 வகை ரைஃபிள் வலுவான தேர்வு. மூன்று கிலோ சுமார் எடை, தோளில் பதிவதால் குறி தவறுவது குறைவு, உதைப்பு மிகக் குறைவு, கட்டையை ஒவ்வொருவர் உயரத்துக்கும் நீட்டிச் சுருக்கலாம். நீளமும், மூடிய அறைக்குள் எழும் சத்தமும் இதன் குறைகள். புதியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம்: குறிபார்க்கும் கண்ணாடி குழலைவிட ஆறு ஏழு செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அறைக்குள், ஐந்தாறு மீட்டரில், குண்டு நீங்கள் பார்த்த புள்ளிக்குக் கிட்டத்தட்ட அந்த அளவு கீழேதான் படும். தாளில் சுட்டுப் பார்த்தால் ஒரே நாளில் புரிந்துவிடும். சுவர் மூலையிலோ மேஜை விளிம்பிலோ சாய்ந்து சுட்டால், குறி தெளிவாகத் தெரியும், குழல் மட்டும் மூலையை அடித்துக்கொண்டிருக்கும்.

.223 என்று பொறித்த ரைஃபிளில் 5.56 ராணுவத் தோட்டாவைப் போடாதீர்கள், அழுத்தம் மிஞ்சும். 5.56 என்று பொறித்ததில் இரண்டும் போகும்.

9 மி.மீ. தோட்டாவையே எடுத்துக்கொள்ளும் கார்பைன் (குட்டை ரைஃபிள்) இருக்கிறது. பிஸ்டலின் மேகசினே அதிலும் பொருந்துகிற மாடல் வாங்கினால் ஒரே வகைத் தோட்டா போதும். வயதானவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் இதை நாங்கள் தயங்காமல் சொல்வோம்.

தோட்டாவும் சுவரும்

பயிற்சிக்கு முழு உலோக உறை போட்ட தோட்டா, காவலுக்கு முனை குழிந்த தோட்டா. குழிந்த முனை உடம்பில் பட்டதும் விரிந்து, உள்ளேயே ஆற்றலை விட்டுவிடும். உறையிட்டது ஊடுருவி மறுபக்கம் போய்விடும். காவல் தோட்டாவுக்குப் பெயர் பெற்ற பெரிய நிறுவனங்களின் சாதாரணப் பெட்டியே போதும். பேய்ப்படம் போட்ட, உடம்பில் பூவாக வெடிக்கும் என்று விற்கிற வித்தைத் தோட்டாக்களுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஜிப்சம் பலகைத் தடுப்புச் சுவர்களை நம்பாதீர்கள். மனிதனை நிறுத்தும் அளவுக்கு ஆழம் போகிற எந்தக் குண்டும் அந்தச் சுவரைத் துளைக்கும், பல அடுக்குகளைக்கூட. 9 மி.மீ.யும் பக்‌ஷாட்டும் அப்படித்தான். எடை குறைந்த .223 குண்டுகள் சிதறி வலுவிழப்பது உண்டு, ஆனால் அதுவும் சுவரைத் தாண்டிப் போகும். பறவைகளுக்கான சிறு ரவை சுவரில் வலுவிழக்கும், மனிதனிலும் அதே கதைதான், அதனால் அது விடையல்ல. விடை, கோணம். பகலில் ஒருமுறை வீட்டைச் சுற்றிவந்து, நீங்கள் நிற்கப்போகும் இடத்திலிருந்து எந்தத் திசையில் குழந்தைகள் படுக்கிறார்கள், எந்தத் திசையில் பக்கத்து வீட்டுச் சன்னல் இருக்கிறது என்று பாருங்கள். எல்லோரையும் ஓர் அறையில் சேர்த்து, கதவைச் சாத்தி, உள்ளே இருந்து போலீசை அழைப்பதுதான் திட்டம். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் அறையாகத் தேடிப் போவது பயிற்சி பெற்றவர்களே கூட்டாகச் செய்கிற வேலை. இருட்டில் நடமாடியவர் தண்ணீர் குடிக்க எழுந்த மகனாகவும் இருக்கலாம்.

அதனால்தான் டார்ச். துப்பாக்கியில் மாட்டுகிற விளக்கு நல்லது, ஆனால் அதை மட்டும் வைத்திருந்தால் யார் என்று பார்க்க ஒவ்வொரு முறையும் துப்பாக்கியையே நீட்ட வேண்டும். பெட்டிக்குள் தனியாகக் கை டார்ச் ஒன்று கட்டாயம். கூடவே ஒரு போன். லேசர், லேசாக இழுபடும் ட்ரிக்கர், குழல் முனையில் துளையிட்ட கருவி எதுவும் முதல் ஆண்டில் வேண்டாம். துளையிட்ட முனை அறைக்குள் சத்தத்தையும் கண்கூசும் நெருப்பையும் கூட்டும்.

வாங்கிய பின் முதல் சில வாரங்கள்

எவ்வளவு நல்ல பெயர் எடுத்த மாடலானாலும், உங்கள் கையில் இருக்கும் அந்த ஒன்று ஓடுகிறதா என்று பார்க்காமல் படுக்கையறைக்குக் கொண்டுபோகாதீர்கள். பயிற்சித் தோட்டா 200, நீங்கள் வைக்கப்போகும் காவல் தோட்டா 50. இந்த எண்ணிக்கைக்குள் துப்பாக்கியின் குறையால் நின்றுபோனால் அடுத்த சுற்றில் மறுபடி எண்ணுங்கள். நின்றால் மேகசினைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்; அதன்மேல் எண் எழுதி வையுங்கள், எது தகராறு என்று தெரியும்.

பிஸ்டல் நின்றுபோவதற்குக் காரணம் பாதி நேரம் கைதான். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாது, காலிக் கூடு நட்டுக்குத்தலாக மாட்டிக்கொள்ளும். ஸ்லைடை முன்னே விடும்போது கையோடு கூடவே கொண்டுபோனால் கடைசிச் சில மி.மீ. மூடாமல் நிற்கும், இழுத்து விட்டுவிடுங்கள், ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யட்டும். கட்டைவிரல் ஸ்லைடு நிறுத்தியின்மேல் இருந்தால் கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்காது. ரேஞ்சில் சுட்டபோது வெடிக்கவில்லை என்றால் முனையைக் குறிப்பலகையிலேயே வைத்து 30 நொடி காத்திருங்கள். சத்தம் வழக்கத்தைவிட 'பொக்' என்று மெலிந்து கேட்டால், உதைப்பும் குறைந்தால், அங்கேயே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

ரேஞ்சில் காதுக்குள் நுரை அடைப்பான், அதற்கு மேல் காது மூடி, இரண்டும் சேர்த்து. துப்பாக்கி வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், அந்த அளவில் ஒரே ஒரு முறையே நிரந்தர இழப்புக்குப் போதும். மின்னணுக் காது மூடி ஒன்று பெட்டிக்குள்ளும் இருக்கலாம். பேச்சைக் கேட்க விடும், வெடியை வெட்டும்.

வீட்டில் வைக்கும் நிலை

பிஸ்டலை மேகசின் ஏற்றி, தோட்டா அறையிலும் ஒரு தோட்டாவோடு பூட்டுப் பெட்டியில் வைப்பது நவீன மாடல்களில் பாதுகாப்பானது; கீழே விழுந்தாலும் வெடிக்காத உள் தடுப்பு இருக்கிறது. ஷாட்கன்னில் பெரும்பாலும் அது இல்லை. சேஃப்டி ட்ரிக்கரை மட்டும் தடுக்கிறது, தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியை அல்ல. விழுந்த அதிர்ச்சியில் வெடிக்கலாம். அதனால் மேகசின் குழாயில் தோட்டா, தோட்டா அறை காலி, ஹேமர் விழுந்த நிலை, சேஃப்டி நீக்கி வைக்க வேண்டும். தேவைப்பட்டால் ஒரே பம்ப். பழைய ரக ஒற்றை இயக்க (ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் பின்னிழுக்க வேண்டிய) ரிவால்வர்களில் ஹேமருக்கு நேரே காலி அறை வைப்பதும் இதே காரணத்துக்காக.

பிஸ்டலை ஒவ்வொரு பயிற்சிக்கும் காலிசெய்து, திரும்ப வந்து அதே முதல் தோட்டாவை மறுபடி அறைக்கு அனுப்புகிறவர்கள் அதன் நீளத்தைப் புதிய ஒன்றோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை அறைக்குள் மோதும்போதும் குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். அமுங்கினால் அழுத்தம் ஏறும். கண்ணுக்கே குட்டையாகத் தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். மேகசினை ஏற்றியபடி மாதக்கணக்கில் வைத்தால் ஸ்பிரிங் கெடும் என்ற பயம் மட்டும் தேவையில்லை. ஸ்பிரிங் தேய்வது ஏற்றி இறக்குவதில்தான்.

காலிசெய்யும் வரிசையை மனப்பாடமாகச் செய்துகொள்ளுங்கள்: முதலில் மேகசினை வெளியே எடுப்பது, பிறகு ஸ்லைடை மூன்று முறை இழுப்பது, பிறகு திறந்து நிறுத்திக் கண்ணால் பார்ப்பது, இருட்டென்றால் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது. வரிசை மாறி முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டு மேகசினைப் பிறகு எடுத்தால், அறையில் இருந்தது வெளியே வரும், மேகசினிலிருந்து புதிதாக ஒன்று உள்ளே ஏறி உட்கார்ந்துவிடும். காலி என்று நினைத்துக் கையில் வைத்திருப்பீர்கள். கிளாக் போன்ற மாடல்களைப் பிரிக்கும்போது ட்ரிக்கரை அழுத்தியே ஆக வேண்டும். சுத்தம் செய்யும் மேஜையில் நடக்கிற விபத்துகளில் இந்த மாறிய வரிசைக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த மேஜையில் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது, பக்கத்து அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

சுத்தம் செய்ய எண்ணெய் துளித்துளியாகப் போதும். தண்டவாளம் போல ஸ்லைடு ஓடுகிற இடங்களில் மட்டும். அறைக்குள்ளோ ஊசித் துளைக்குள்ளோ எண்ணெய் ஊற்றினால் தூசி ஒட்டி ஊசி மெத்தனப்படும். வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ரேஞ்சுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். ஈயத் தூசி அந்தத் துணியில் வீடுவரை வரும்.